வழி கேட்டவர்களின் பட்டியல்

போன் ஈரமாக இருந்தது.

அலெக்ஸ் அதை வாங்கிய கையோடு சட்டையில் துடைத்துக்கொண்டான். அப்புறம்தான் யோசித்தான். வியர்வை ஈரம் இல்லை. நனைந்த துணியால் யாரோ அழுத்தித் துடைத்து, அவசரத்தில் ஓரங்களை விட்டுவிட்ட ஈரம். இன்னொன்றும் உறுத்தியது. போன் திறந்தே வந்தது. ஆறு வருடமாக ஊர் ஊராகப் போய் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறான். எந்த வீட்டிலும் பெண்கள் தங்கள் போனைத் தாங்களே கொண்டு வருவார்கள். அவன் கண்ணெதிரில் விரலை வைத்துத் திறப்பார்கள். வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று, அவன் எதை அமுக்குகிறான் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். இந்தப் போனை மட்டும் ஒரு ஆண் உள்ளறைக்குள் எடுத்துப் போய், திறந்து, எடுத்து வந்து நீட்டினான்.

"வெரசாப் பாருங்க," என்றான் சந்தோஷ்குமார். "அணைஞ்சு போயிரும்."

புதுச்சத்திரத்தில் ஹைவேயை விட்டு இறங்கி, சோளக்காட்டுக்கு நடுவே நாலு கிலோமீட்டர் மண்பாதையில் வந்தால் சென்னியப்பனின் கோழிப்பண்ணை. நீள நீளமாக ஏழு கொட்டகைகள். நடுவில் வீடு. வைகாசி மாத வெயில் மதியம் மூன்று மணிக்கும் தகரக் கூரைகளின் மேல் நடுங்கிக்கொண்டு நின்றது. கூண்டுகளுக்குள் நாற்பதாயிரம் கோழிகள். கூவல் இல்லை, கொக்கரிப்பு இல்லை. எல்லாம் கலந்து, அடுப்பில் ஏற்றி மறந்துவிட்ட பெரிய அண்டா ஒன்று கொதிப்பது மாதிரி ஒரே முனகலாக, ஜன்னல் வழியாகவும் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வந்துகொண்டேயிருந்தது. எச்சத்தின் காரமான வாடையும், தீவனத்தில் அரைத்த கருவாட்டு வாடையும் அலெக்ஸுக்குப் பழக்கம்தான். இன்று அவற்றுக்கு மேல் மூன்றாவதாக ஒன்று இருந்தது. பினாயில். ஆஸ்பத்திரி வராண்டா அளவுக்குப் பினாயில்.

வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பண்ணைக் கணக்கு போடும் கம்ப்யூட்டர், சென்னியப்பனின் மனைவி சௌந்திரத்தின் போன், மகன் சந்தோஷ்குமாரின் போன், லேப்டாப் என்று ஒவ்வொன்றாகத் திறந்து டிஎன்எஸ் செட்டிங்கைப் பார்த்துவிட்டான். எல்லாம் அவன் போட்டபடியே இருந்தன. மிச்சம் இது ஒன்றுதான். மருமகள் மைதிலியின் போன்.

"சனிக்கெழமை பொழுதோட இருந்து இந்தப் போனு மட்டும் பட்டியலுல வரமாட்டேங்குதுங்க தம்பி," என்றார் சென்னியப்பன்.

அவர் எதிரே நாற்காலியில், மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு. சலவை வேட்டி. குரல் உயர்ந்து யாரும் கேட்டிருக்க முடியாது. வேலைக்காரன் மாதையனைக்கூட 'ஏனுங் மாதையா' என்று ங் போட்டுத்தான் கூப்பிட்டார். அலெக்ஸ் வந்து இறங்கியதும், வண்டி வெயிலில் காயும் என்று சொல்லி மகனை விட்டுச் சாவியை வாங்கி, கொட்டகை நிழலில் நிறுத்தச் சொன்ன மனிதர்.

சாவி இன்னும் திரும்பி வரவில்லை.

பட்டியலை வரவழைத்தவனே அலெக்ஸ்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கூடத்தில் உட்கார்ந்து, வாயைச் சும்மா வைத்திருக்காமல் அவருக்குப் பாடம் எடுத்தான். நாம் டைப் செய்வது பெயரைத்தான், மெஷினுக்குப் பெயர் தெரியாது, அதற்கு நம்பர்தான் வேண்டும். பெயரைக் கேட்டு நம்பர் சொல்வதற்கென்று எங்கோ ஒரு சர்வர் இருக்கிறது, அதன் பெயர் டிஎன்எஸ். முக்கில் நின்று வழி சொல்கிற ஆள் மாதிரி என்று உதாரணம் வேறு.

சென்னியப்பன் அவனிடம் ஆறு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அப்ப, ஆரு எந்த ஊட்டுக்கு வழி கேட்டாங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியுமுங்களே? அந்த ஆளை நம்ம ஊட்டுக்குள்ளயே உக்கார வெக்க முடியுமுங்களா?"

முடியும். சோப்பு டப்பா அளவு ஒரு பெட்டி. அதை ரவுட்டர் பக்கத்தில் மாட்டி, வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அதன் நம்பரையே டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துவிட்டால் போதும். யார் எந்த நேரத்தில் எந்தப் பெயருக்கு வழி கேட்டாலும் வரிவரியாக எழுதி வைக்கும். பேரப் பசங்க கண்டதையும் பார்க்கக் கூடாதே என்றார் சென்னியப்பன். நல்ல விஷயம்தானே. அலெக்ஸ் உற்சாகமாக ஒவ்வொரு கருவிக்கும் தமிழிலேயே பெயர் வைத்துக் கொடுத்தான். அம்மா போன். சந்தோஷ் போன். மைதிலி போன்.

இன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கவனித்தான். குழந்தைச் செருப்பு ஒன்றுகூட இல்லை. கூடத்தில் ஒரு பொம்மை இல்லை, சுவரில் ஒரு கிறுக்கல் இல்லை. இந்த வீட்டில் பேரப் பசங்களே கிடையாது.

"ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தி எல்லாரையும் நிக்க வெச்சு நானே படிப்பனுங்க," என்று சென்னியப்பன் பெருமையாகச் சொல்லியிருந்தார். "ஒளிவு மறைவு ஆகாது பாருங்க."

அலெக்ஸ் நெட்வொர்க் செட்டிங்கைத் திறக்கப் போனான். அதற்குள் அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்து மனைவி அக்சிலியா. எப்போது வருகிறாய் என்பாள். ஐந்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், பழக்க தோஷத்தில் மைதிலியின் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்தான். திருப்பினான். திரை இருண்டிருந்தது.

"அணைஞ்சிருச்சுங்களா?" சந்தோஷ்குமாரின் முகத்தில் சலிப்பு. போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. பித்தளைத் தாழ்ப்பாள், புதுசு. சுற்றிலும் மரத்தூள் இன்னும் துடைக்காமல் கிடந்தது.

சௌந்திரம் சமையல்கட்டிலிருந்து டீயோடு வந்தாள். வளையல்களை முழங்கை வரை ஏற்றி விட்டிருந்தாள். முந்தானை நனைந்திருந்தது. டம்ளரை வாங்கும்போது அவள் விரல்களில் இருந்து பினாயில் வாடை முகத்தில் அடித்தது. கூடத்தின் மூலையில் நெஞ்சுயரம் அடுக்கியிருந்த அட்டை முட்டைத் தட்டுகளின் மேல், துணி போட்டு மூடியிருந்த ஒன்றை எடுத்தாள். முப்பது குழி உள்ள சாதாரணத் தட்டு. அதைச் சாயாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மகன் பின்னாலேயே உள்ளறைக்குள் போனாள்.

படுக்கையறையில் யார் முட்டை எண்ணுவார்கள்?

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சந்தோஷ்குமாரின் குரல், அடங்கின குரல், 'நீட்டு' என்றது. மறுபடி, 'நேரா வெய்யி.' அப்புறம் ஒரு பெருமூச்சு. ஆணுடையதா பெண்ணுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாத பெருமூச்சு. கோழிகளின் முனகல் அதையும் வாங்கித் தனக்குள் போட்டுக்கொண்டது.

போன் வந்தது. திறந்து. ஈரத்தோடு.

"கட்டை வெரலு மட்டுந்தான் எடுக்குதுங்க. இந்தவாட்டி உட்றாதீங்க."

இந்த முறை துணி சரியாகப் படவில்லை. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. வளைவு வளைவாக, ரப்பர் ஸ்டாம்ப் குத்தினது மாதிரி. மை மட்டும் பழுப்புச் சிவப்பு. ஸ்பீக்கரின் சின்னத் துளைகளில் அதே நிறம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

கோழி ரத்தம், என்று அலெக்ஸ் தனக்குச் சொல்லிக்கொண்டான். பண்ணை வீடு. தினமும் பத்து இருபது கோழி செத்து விழும். அறுப்பார்கள், குழியில் போடுவார்கள், கையோடு போனைத் தொடுவார்கள். சட்டைக்குள் கழுத்தில் கிடந்த, மாதா கோயிலில் வாங்கிப் போட்ட உத்தரியத்தின் சின்னத் துணி வியர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

செட்டிங்ஸ். நெட்வொர்க். பிரைவேட் டிஎன்எஸ்.

திரையில் ஒரு பெயர் இருந்தது. வீட்டுப் பெட்டியிடம் வழி கேட்காமல், வெளியே வேறொரு ஆளிடம், யாருக்கும் கேட்காதபடி காதோடு கேட்டுக்கொள்வதற்கான சர்வரின் பெயர். உலகத்தில் இப்படி எத்தனையோ சர்வர்கள் உண்டு. இவ்வளவு நீளமான, அதிகம் பேருக்குத் தெரியாத இந்தப் பெயரை இந்தப் பக்கத்தில் சொல்கிறவன் ஒருத்தன்தான்.

அலெக்ஸ்.

பத்து நாளைக்கு முன்னால். புதுச்சத்திரம் மெஸ்ஸில் ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது தெரியாத நம்பரில் இருந்து ஒரு கால். ஏதோ தையல் கடையின் பெயர் திரையில் வந்தது. ஒரு பெண், கிசுகிசுப்புக்குப் பக்கத்துக் குரலில் கேட்டாள்.

"அண்ணா, அந்தப் பட்டியலுல வராம இருக்க வழி இருக்குங்களா?"

எந்தப் பட்டியல், நீங்கள் யார் என்று அவன் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது கால் வரும். இங்கே போங்கள், இதை அமுக்குங்கள், இந்தப் பெயரை அடியுங்கள் என்று ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொன்னான். கடைசியில், வழக்கமாகச் சொல்வதையும் சொன்னான். போட்டதும் ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிருங்க.

அவள் போனை வைக்கவில்லை. "உங்க பேரு அலெக்ஸுங்களா அண்ணா?"

"ஆமாங்க."

"சரிங்கண்ணா. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்."

இதில் சொல்லாமல் இருக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தான். அப்பளத்தை நொறுக்கினான். மறந்தும் போனான்.

"என்னுங்க தம்பி, நின்னுட்டீங்க?" சென்னியப்பன் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்கய்யா. இதுல வேற சர்வர் போட்டிருக்காங்க. எடுத்துட்டாப் பட்டியல் வந்துரும்."

"தெரியுமுங்க." அவர் டேப்லெட்டின் மூலையைத் துண்டால் துடைத்தார். "அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. பத்தாவதுதான் படிச்சுது. ஆரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆருன்னு கேக்கறேன், வாயத் தொறக்கமாட்டேங்குது."

அலெக்ஸ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் கேக்கறனுங்க. ஞாயித்துக்கெழமை ஒருக்கா. திங்கக்கெழமை ஒருக்கா. நேத்து ஒருக்கா. இன்னைக்குக் காத்தால ஒருக்கா. நாலு தடவை கேட்டாச்சு. புள்ளைக்கு நெஞ்சழுத்தம் சாஸ்திங்க."

மின்விசிறி சுற்றியது. முட்டைத் தட்டுகளின் மேல் அடுக்கு மெல்ல அசைந்தது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று ஒரு வரி. சொல்ல மூன்று விநாடி. அது நெஞ்சில் இருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. அவன் உள்ளறைக் கதவைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அதன் குறுக்கே மாதையன் உட்கார்ந்து சுருக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அக்சிலியாவை நினைத்தான். ஐந்து மணி. அந்த வரி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அவன் விரல் நகர்ந்தது. பிரைவேட் டிஎன்எஸ், ஆஃப். வைஃபையில் பெட்டியின் நம்பர். சேவ்.

முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ஹைவேக்குப் போய்ப் போலீசுக்கு, நூறுக்கு அடிக்கலாம். இந்த நினைப்பில் அவனுடைய மனசு வண்டியை எடுத்துக்கொண்டு பாதித் தூரம் போய்விட்டது. கை மட்டும் இங்கேயே இருந்தது. ஆறு வருடமாக எந்த செட்டிங்கை மாற்றினாலும் கடைசியில் என்ன செய்யுமோ அதைத் தானாகச் செய்தது. பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தது. ரீஸ்டார்ட்.

திரை கறுத்தது. நிறுவனத்தின் முத்திரை வந்தது. சுழன்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

போன் எழுந்தது. பூட்டுத் திரை. கீழே ஒரு வரி: மீண்டும் தொடங்கிய பின் எண்ணை உள்ளிடவும்.

சந்தோஷ்குமார் எட்டிப் பார்த்தான். "பட்டியல் வருதுங்களாப்பா?"

"இல்லியே சாமி." சென்னியப்பன் டேப்லெட்டைத் தட்டினார்.

"ரீஸ்டார்ட் ஆயிருச்சுங்க," என்றான் அலெக்ஸ். அவன் குரல் அவனுக்கே யாரோ கஸ்டமர் கேரில் பேசுவது மாதிரிக் கேட்டது. "ஒருதடவை திறந்தாத்தான் நெட்டே பிடிக்கும். இப்ப நம்பர் போட்டுத்தான் திறக்கணும்."

"அந்தக் கட்டை வெரலு?"

"ரீஸ்டார்ட் ஆனா விரலை எடுத்துக்காதுங்க. நம்பர்தான் கேக்கும்."

சென்னியப்பன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். முட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி அவனைப் பார்த்தார்.

"அப்ப, வெரலு இனி வேண்டியதில்லீங்களா தம்பி?"

"வேண்டியதில்லைங்க."

வாயில் இருந்து வந்துவிட்டது. தினமும் ஐம்பது பேருக்குச் சொல்கிற பதில். கேள்வி என்னவென்று காது புரிந்துகொள்ளும் முன்னால் வாய் சொல்லிவிட்ட பதில்.

சென்னியப்பன் உள்ளறைப் பக்கம் திரும்பினார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"சந்தோசு. வெரலு தேவையில்லியாமா. நம்பரக் கேட்டுட்டு வா."

தாழ்ப்பாள். கதவு. மறுபடி கதவு.

அலெக்ஸ் எழுந்திருக்கப் பார்த்தான்.

"அய்யா, நான்..."

"டீ ஆறுதுங்க. குடிங்க."

உள்ளே மணைப்பலகையை இழுக்கும் சத்தம். கட்டிலின் கிறீச். சௌந்திரத்தின் குரல், முதல் முறையாக, குழந்தைக்கு மருந்து புகட்டும்போது சொல்வது மாதிரி, "ஆச்சு கண்ணு, ஆச்சு."

ஒரு சத்தம்.

பெரிய சத்தம் இல்லை. கறிக்கடையில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்கிற சத்தம்.

கோழிகள் நின்றுவிட்டன.

நாற்பதாயிரம் தொண்டைகளும் ஒரே நொடியில். முனகல் அறுந்தது. மின்விசிறியின் சத்தம் மட்டும். அந்த வெற்றிடத்துக்குள் உள்ளறையில் இருந்து ஒன்று வந்தது. கத்தல் இல்லை. கத்தலைத் துணி வைத்து அடைத்தால் மூக்கு வழியாக வருமே, அது. நீளமாக. நீளமாக.

அப்புறம் ஒரு கோழி. பத்து. ஆயிரம். அண்டா மறுபடி கொதித்தது.

சென்னியப்பன் துண்டால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அலெக்ஸின் கை சட்டைப்பைக்குள் போனது. தன் வேலை நோட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து, அதன் மறைவில் தன் போனைத் திறந்தான். நூறுக்கு அடித்தால் பேச வேண்டும். பேசினால் எதிரே கேட்கும். பேசாமல் சொல்ல ஒரு இடம் இருக்குமே. பெண்கள் உதவி மையத்தின் வெப்சைட். புகார் எழுதும் பெட்டி இருக்கும். பெயர் அடித்தான். எழுத்துகள் தவறின. அழித்தான். அடித்தான். பக்கம் திறக்க ஆரம்பித்தது. பாதி வெள்ளை. ஒரு சிவப்புப் பட்டை. ஒரு பெண்ணின் படம், இடுப்பு வரை.

கதவு திறந்தது. போனை அணைத்து உள்ளே தள்ளினான்.

உள்ளே இருந்து ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. மெஸ்ஸில் கேட்ட குரல். கிசுகிசுப்புக்குப் பக்கத்துக் குரல்.

"மூணு... எட்டு... எட்டு... ஒண்ணு."

சந்தோஷ்குமார் அதைத் திருப்பிச் சொன்னான். அலெக்ஸ் அடித்தான். போன் திறந்தது. பின்னணிப் படத்தில் ஒரு சிறு பெண், மைதிலியாகத்தான் இருக்கும், மஞ்சள் தாவணி, கெங்கவல்லித் தேர் முன்னால் நின்று இரண்டு கையாலும் பஞ்சுமிட்டாயைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்து விரல்கள். அலெக்ஸ் எண்ணிவிட்டான். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மைதிலி போனுக்கென்று வைத்திருந்த மணி டேப்லெட்டில் டிங் என்றது. டிங். டிங். டிங். நாலு நாளாக அவள் மூடாமல் வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் எழுந்து, வீட்டுப் பெட்டியிடம் ஒரே மூச்சில் வழி கேட்டன.

"வந்துருச்சுங்க." சென்னியப்பன் கண்ணாடியை மாட்டினார். "படிச்சரலாமா? நேரமாவுது. ராத்திரிக்கு வெச்சுக்க வேண்டாம்."

சௌந்திரம் வந்து சுவரோரம் கைகட்டி நின்றாள். சந்தோஷ்குமார் அவள் பக்கத்தில். பழகிய வரிசை. அலெக்ஸ் தானும் எழுந்து நிற்பதைக் கண்டான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை.

பட்டியலில் புதியது மேலே, பழையது கீழே. அவன் வைத்த ஒழுங்குதான். சென்னியப்பன் ஆள்காட்டி விரலை மேல் வரியில் வைத்தார்.

"மூணு அம்பத்திரண்டு. மைதிலி போனு. பஸ் டிக்கெட்டு."

விரல் இறங்கியது.

"மூணு அம்பத்திரண்டு. மைதிலி போனு. ஆத்தூருல பொம்பளைங்க தங்கற ஆஸ்டலு."

இறங்கியது.

"மூணு அம்பத்திரண்டு. மைதிலி போனு. தையலு."

"மூணு அம்பது. சந்தோசு போனு. கிரிக்கெட்டு."

சௌந்திரம் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அலெக்ஸ் அப்போது எதையும் நினைக்கவில்லை. நினைப்பு கழன்று போயிருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு காட்சி மட்டும் கண்ணில் நின்றது. இதே கூடம். பெட்டியை மாட்டியாயிற்று. வேலை செய்கிறதா என்று சோதிக்கத் தன் போனையே வீட்டு வைஃபையில் சேர்க்கிறான். பாஸ்வேர்டு அடிக்கிறான். பட்டியலில் வருகிறது. சிரிக்கிறான். அதற்கும் ஒரு பெயர் வைக்கிறான்.

இன்று வாசலில் கால் வைத்ததுமே அவன் போன் பழைய வீட்டை அடையாளம் கண்டு, தானாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

"மூணு நாப்பத்தொம்போது."

விரல் நின்றது.

மின்விசிறி. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"அலெக்ஸ் போனு," என்று படித்தார் சென்னியப்பன்.

அதற்கு நேரே இருந்த பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். நிதானமாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"எங்கூட்டுல இருந்து இந்த ஊட்டுக்கு இன்னைக்கு வரைக்கும் ஆரும் வழி கேட்டதில்லீங்க தம்பி."

"அய்யா. அது... அக்சிலியா... என் ஒய்ஃப்..."

"இருக்கட்டுங்க. நாம எதுக்கு வாதாடிக்கிட்டு. அந்தப் புள்ளையவே கேட்டுப்போடலாம்." அவர் எழுந்து, அலெக்ஸின் தோளில் கை வைத்தார். லேசான கை. சோப்பு மணக்கும் கை. "வாங்க சாமி."

மாதையன் வாசற்கதவைச் சாத்தினான்.

ஆறு அடி. எட்டு அடி. சந்தோஷ்குமார் தாழ்ப்பாளை விலக்கினான். விருந்தாளிக்கு விலகுவது மாதிரி ஓரமாக ஒதுங்கி நின்றான்.

பினாயில். அதற்கு அடியில் வேறொன்று. சூடாக.

ஜன்னல் சாத்தியிருந்தது. தகரக் கூரையில் பட்டுத் திரும்பின வெயில் ஒரு பொத்தல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் விழுந்தது. கட்டிலின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். முடியை யாரோ அழகாக வாரிப் பின்னியிருந்தார்கள். வலது கை மடியில் ஒரு ஈரத் துண்டுக்குள் இருந்தது.

"மைதிலி," என்றார் சென்னியப்பன். "அஞ்சாவது வாட்டி கேக்கறேன். இவருதானா?"

அவள் நிமிர்ந்தாள். அலெக்ஸைப் பார்த்தாள். குரலை மட்டுமே கேட்டிருந்தவனை முதல் முறையாகப் பார்த்தாள். கண்களில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அடையாளம்.

தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"வாயில வரமாட்டேங்குதா? செரி. கைய நீட்டிக் காட்டு சாமி. ஆருன்னு காட்டு."

அவள் நீட்டவில்லை. சௌந்திரம் குனிந்து துண்டை விலக்கி, மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அலெக்ஸுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

சுட்டிக் காட்டுவதற்கு அந்தக் கையில் ஒன்றுமே இல்லை.

கட்டில் காலடியில் அட்டை முட்டைத் தட்டு. முப்பது குழி. முதல் வரிசையில் நாலு குழிகள் நிரம்பி, கறுத்து, ஈ மொய்த்துக் கிடந்தன. ஐந்தாவதில் கட்டை விரல். ஈரமாக. நகத்தில் பாதி உதிர்ந்த மருதாணியோடு.

அதை அடுத்து இருபத்தைந்து குழிகள் காலியாக இருந்தன. சௌந்திரம் தட்டைக் காலால் மெல்லத் தள்ளி, அலெக்ஸின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.